கைநாட்டும் கையெழுத்தும்: ரேகையின் அரசியல் குறித்துச் சில குறிப்புகள்

அஸ்தினாபுரத்தில் நாங்கள் குடியிருக்கும் தெருவிலிருந்து ரேஷன் கடைக்குப் பத்து நிமிட நடை. சென்ற ஆண்டு ஒருநாள் அப்பத்தாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். எண்பதைத் தாண்டியவள். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் களை பறித்தும், செங்கல் சூளையில் மண் பிசைந்தும் காலம் கழித்தவள். மெஷினில் பெருவிரலை வைத்தாள். விழவில்லை. முந்தானையில் துடைத்து மறுபடி வைத்தாள். விழவில்லை. பத்து விரலும் ஒரு சுற்று வந்தாகிவிட்டது. ‘ரேகை தேஞ்சு போச்சு பாட்டி, கொஞ்சம் ஓரமா நில்லுங்க’ என்றார் கடைக்காரர். அவர்மேல் குற்றமில்லை. வரிசை நீண்டு கிடந்தது.

ஓரமாக நின்றபடி அப்பத்தா சொன்னாள்: ‘எங்க அய்யாகிட்ட வெள்ளக்காரன் புடிச்சுப் புடிச்சு ரேகை எடுத்தான். அவரு குடுக்க மாட்டேன்னாரு. எங்கிட்ட இவுக கேக்குறாக. குடுக்க முடியல.’

இந்தக் கட்டுரை அந்த வாக்கியத்துக்கான விளக்கவுரை மட்டுமே.

தமிழில் ‘ரேகை’ என்ற சொல் இரண்டு இடங்களில் புழங்குகிறது. ஒன்று சோசியக்காரரின் திண்ணை, மற்றது போலீஸ் ஸ்டேஷன். ஒன்றில் வரப்போவதைப் படிக்கிறார்கள். மற்றதில் செய்துவிட்டதைப் படிக்கிறார்கள். இரண்டிலும் படிக்கப்படுபவருக்குத் தன் கையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. ‘கைநாட்டு’ என்ற சொல்லோ வசவாகவே ஆகிவிட்டது. கையெழுத்துப் போடுகிறவன் தன் பெயரைத் தானே எழுதுகிறான். வேண்டாமென்றால் போடாமல் எழுந்து போகலாம். கைநாட்டு வைக்கிறவனின் விரலைப் பிடித்து மையில் தோய்த்து ஒற்றிக்கொள்ள முடியும். தூங்குகிறவனின் கைநாட்டையும் பிணத்தின் கைநாட்டையும் வாங்கிச் சொத்தை எழுதிக்கொண்ட கதைகள் நம் கிராமங்களில் ஏராளம். ஆக, ரேகை உடலுக்குச் சாட்சி. சம்மதத்துக்குச் சாட்சி அல்ல. இன்றைக்கு ‘பயோமெட்ரிக்’ என்று பெரிய பெயரில் பேசப்படும் தொழில்நுட்பத்தின் எல்லாச் சிக்கல்களும் இந்த வேறுபாட்டில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

நவீன ரேகைப் பதிவின் கதை வங்காளத்தில் தொடங்குகிறது. 1858இல் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, சாலை போடச் சரளை தருவதாக ஒப்பந்தம் செய்த ராஜ்யதர் கோனாய் என்பவரின் முழுக்கையையும் ஒப்பந்தத்தின் பின்புறம் ஒற்றி எடுத்தார். ‘இது என் கையெழுத்தல்ல’ என்று நாளைக்கு அவர் மறுத்துவிடக் கூடாது என்ற பயமுறுத்தலே நோக்கம் என்று ஹெர்ஷலே பிற்பாடு எழுதினார். 1877இல் ஹூக்ளியில் மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது பத்திரப் பதிவு, பென்ஷன், சிறை ஆகிய மூன்று இடங்களில் விரல் ரேகையைப் புகுத்தினார். செத்துப்போனவர் பெயரில் வேறொருவர் பென்ஷன் வாங்கக் கூடாது அல்லவா! (2014இல் நம் அரசு கொண்டுவந்த மின்னணு ஆயுள் சான்றிதழின் தர்க்கமும் இதே.) 1897இல் கல்கத்தாவில் ரேகை அலுவலகம் வந்தது. ரேகைகளை வகைப்படுத்தும் கணக்கை உருவாக்குவதில் பெரும்பங்கு ஆற்றியவர்கள் அஜிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரு இந்தியர்கள். முறைக்கு வாய்த்த பெயரோ அவர்களுடைய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயர். 1901இல் அது ஸ்காட்லாந்து யார்டுக்குப் போனது. காலனியில் சோதித்துப் பார்த்த கருவி பிறகே எஜமானர்களின் ஊருக்குக் கப்பலேறியது. வங்காளத்தில் கடிதங்களிலும் பத்திரங்களிலும் மை தோய்ந்த விரலை ஒற்றும் வழக்கம் முன்பே இருந்ததை வரலாற்றாசிரியர் கார்லோ கின்ஸ்பர்க் சுட்டிக்காட்டியிருக்கிறார். மக்களிடமிருந்து எடுத்த அறிவு மக்களைக் கட்டவே பயன்பட்டது.

இதற்கு எதிர்ப்பு வந்ததா? வந்தது. தமிழர்கள் சம்பந்தப்பட்ட இரண்டு எதிர்ப்புகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது டிரான்ஸ்வாலில். ஆசியர் ஒவ்வொருவரும் விரல் ரேகை கொடுத்துப் பதிவுசெய்து சான்றிதழை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து 1906 செப்டம்பர் 11 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய கூட்டத்திலிருந்துதான் காந்தியின் சத்தியாக்கிரகம் தொடங்குகிறது. தம்பி நாயுடு உள்ளிட்ட தமிழர்கள் அதில் முன்னணியில் நின்றனர். 1908 ஜனவரியில் ஸ்மட்ஸுடன் உடன்பாடு ஏற்பட்டதும், கட்டாயம் நீங்கினால் தாமாக முன்வந்து ரேகை கொடுப்பதில் இழிவில்லை என்றார் காந்தி. அதைத் துரோகமாகக் கண்ட மீர் ஆலம் முதலான பட்டாணியர்கள் பிப்ரவரி 10 அன்று பதிவுக்குப் போய்க்கொண்டிருந்த காந்தியைத் தெருவில் அடித்து வீழ்த்தினர். அடிபட்டுக் கிடந்தபடியே அவர் ரேகை கொடுத்தார். வாக்குறுதியை ஸ்மட்ஸ் காப்பாற்றவில்லை என்றானபின், ஆகஸ்ட் 16 அன்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் எரிக்கப்பட்டன. காந்தி, மீர் ஆலம் இருவரில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. ‘நானாகக் கொடுத்தேன்’ என்பதற்கும் ‘கொடுக்க வேண்டியதாயிற்று’ என்பதற்கும் இடையிலுள்ள கோடு எத்தனை மெல்லியது என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது.

இரண்டாவது நம்மூர்க் கதை. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பதிவு செய்யப்பட்டவரிடம் எந்த நேரத்திலும் ரேகை எடுக்கலாம் என்றது சட்டம். பிறப்பே குற்றம். மக்கள் வாயில் அதற்குப் பெயர் ‘ரேகைச் சட்டம்’. சட்டத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்பதைப் படித்தவர்களைவிட அவர்கள் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். ராத்திரியில் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக அனுமதிச் சீட்டு வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் ரேகை எடுக்க வந்த போலீஸாரை ஊர் மறித்தது. துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்கள் பதினாறு பேர். மாயக்காள் என்ற பெண்ணும் அதில் ஒருவர்.

இந்த நினைவு இன்று சாதிப் பெருமிதத்தின் போஸ்டர்களில் அச்சாகிறது. அந்தச் சாதிக்குள் பிறந்தவன் என்ற முறையில் எனக்கு இது உறுத்துகிறது. இதே சட்டத்தில் சிக்கிய குறவர்களுக்கு அப்படியொரு நினைவுத்தூண் பேச்சே இல்லை. இன்றும் திருட்டு வழக்கு என்றால் அவர்கள் வீட்டுக் கதவுதான் முதலில் தட்டப்படுகிறது. சந்தேகிக்கப்பட்ட சமூகம் தலித்துகளைச் சந்தேகிக்கும் சமூகமாகவும் இருக்க முடியும். பெருங்காமநல்லூரைச் சாதியிடமிருந்து மீட்டு ரேகைக்கு எதிரான பொது நினைவாக வாசிக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

அதே 1920இல் இன்னொரு சட்டமும் வந்தது: கைதிகளை அடையாளம் காணும் சட்டம். குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் ஒழிந்தது. கைதிகள் சட்டமோ நூறாண்டைத் தாண்டி வாழ்ந்தது. 2022இல் அதை நீக்கிவிட்டு வந்த புதிய சட்டம் கருவிழி, விழித்திரை வரை அளவெடுக்க இடம் தருகிறது. எடுத்ததை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம் என்கிறது. ஒருவருடைய ஆயுளைவிடப் பெரிய கோப்பு அது.

இனி ஆதார். 2009இல் ஆணையம் அமைந்தது; 2010இல் முதல் எண் வழங்கப்பட்டது. இப்போது சந்தேகம் ஒரு சாதியின்மீது இல்லை, எல்லோர்மீதும் சமமாகப் படர்ந்திருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் அது விழுகிற இடங்கள் சமமாக இல்லை. இதை விளங்கிக்கொள்ள மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

மெஷின் விரலை அடையாளம் ‘கண்டுகொள்வதில்லை’. கோடு முடியும் இடங்கள், கிளை பிரியும் இடங்கள் ஆகியவற்றைப் புள்ளிகளாகக் குறித்து, முன்பு பதிந்த புள்ளிகளோடு ஒப்பிட்டு ஒரு மதிப்பெண் போடுகிறது. பாஸ் மார்க் எவ்வளவு என்பதை மனிதர்கள் தீர்மானிக்கிறார்கள். அதை உயர்த்தினால் போலிகள் உள்ளே வருவது குறையும். உண்மையான ஆள் வெளியே தள்ளப்படுவது கூடும். தாழ்த்தினால் நேரெதிர். இரண்டு பிழையும் இல்லாத இடம் என்று ஒன்று இல்லை. எந்தப் பிழையை யார் தலையில் கட்டுவது என்பது பொறியியல் கேள்விபோல் தோன்றும் அரசியல் கேள்வி. குரோம் லெதர் கம்பெனியால் பெயர் பெற்ற குரோம்பேட்டையில் தோல் பதனிட்டவர்கள், பல்லாவரம், திரிசூலத்தில் கல் உடைத்தவர்கள், சிமெண்ட் குழைப்பவர்கள், பாத்திரம் துலக்குபவர்கள்: உழைப்பு முதலில் அழிப்பது ரேகையைத்தான். மெஷின் சாதி கேட்பதில்லை. உழைத்த விரலா, உழைக்காத விரலா என்பது மட்டும் அதற்குத் தெரிந்துவிடுகிறது.

பாதுகாப்பு என்ன நிலையில் இருக்கிறது? 2002இல் ஜப்பானின் யோகோஹாமாவில் ட்சுடோமு மட்சுமோட்டோ குழுவினர் மிட்டாய் செய்யும் ஜெலட்டினில் போலி விரல் செய்து, சோதித்த 11 ரேகைக் கருவிகளையும் ஏமாற்றிக் காட்டினர். சேமித்து வைப்பது படத்தை அல்ல, புள்ளிகளை மட்டுமே என்று ஆறுதல் சொல்லப்பட்டது. அந்தப் புள்ளிகளிலிருந்தே ரேகைப் படத்தைத் திரும்ப வரைய முடியும் என்று 2007இல் இத்தாலிய ஆய்வாளர்கள் நிறுவினர். 2015இல் அமெரிக்க அரசு ஊழியர்கள் 56 லட்சம் பேரின் ரேகைகள் திருடுபோயின. 2018இல் தெலங்கானாவில் ஒருவர் பதிவுத்துறை இணையதளத்திலிருந்த நிலப் பத்திரங்களின் கைநாட்டைப் பார்த்து ரப்பர் ரேகை செய்து சிம் கார்டுகளை உயிர்ப்பித்தார். மோசடியைத் தடுக்க ஹெர்ஷல் பத்திரத்தில் வைத்த விரல், 141 ஆண்டுகளுக்குப் பின் மோசடிக்கு அச்சாக உதவியிருக்கிறது!

கடவுச்சொல் திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம். விரலை மாற்ற முடியாது. ரேகையை அப்படியே வைக்காமல் வேண்டுமென்றே உருக்குலைத்துச் சேமித்து, திருடுபோனால் வேறு விதமாக உருக்குலைத்துக்கொள்ளும் வழியை 2001இல் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் நளினி ராத்தா குழுவினர் முன்வைத்தனர். உயிருள்ள விரலா, ரப்பரா என்று சோதிக்கும் முறையை ஆதார் ஆணையம் 2023இல் கொண்டுவந்தது. இந்த ஆய்வுகள் தேவையானவை; அவற்றை இளக்காரம் செய்வது எளிது, பயனற்றது. ஆனால் அவை எல்லாமே ‘வேறொருவன் நானாக வேடம் போடுவதை எப்படித் தடுப்பது?’ என்று கேட்கின்றன. நான் நான்தான் என்று என் உடலே சொல்லத் தவறும்போது என் சொல்லுக்கு என்ன மதிப்பு என்ற கேள்வி கேட்கப்படாமலே நிற்கிறது.

நீதிமன்றத்தில் இது வேறு வடிவில் எழுந்தது. குடிமக்களுக்குத் தம் உடல்மீது முழு உரிமை கிடையாது என்று 2017இல் ஆதார்–பான் வழக்கில் அரசுத் தரப்பு வாதிட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றனர். அடுத்த ஆண்டு செப்டம்பர் 26 தீர்ப்பில், நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் ஆதார் செல்லும் என்றாயிற்று. தனியார் கம்பெனிகள் ஒப்பந்தத்தின் பேரில் ஆதார் கேட்பது தடுக்கப்பட்டது. அரசின் மானியத்துக்கும் ரேஷனுக்கும் அது நிலைத்தது. மாறுபட்ட தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சந்திரசூட். விளைவு என்ன? சிம் கார்டு வாங்குகிறவர் ரேகை தர மறுக்கலாம். அரிசி வாங்குகிறவர் மறுக்க முடியாது. அந்தரங்கம் எல்லோருக்கும் உரிமை. பசித்தவர் மட்டும் அதைக் கவுண்டரில் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும்.

‘ஒளிக்க ஒண்ணுமில்லாதவனுக்கு என்ன பயம்?’ என்று நண்பர்களே கேட்கிறார்கள். பெருங்காமநல்லூரில் இறந்தவர்கள் எதையும் ஒளிக்கவில்லை. ‘முடியாது’ என்று சொன்னார்கள். அந்தச் சொல்லுக்கு இடமிருக்கிறதா என்பதை வைத்தே எந்த அடையாள ஏற்பாட்டையும் நாம் அளக்க வேண்டும். ரேகை விழாதவருக்கு மாற்று வழி கருணையாக அல்ல, உரிமையாக இருக்க வேண்டும். எடுத்ததை அழிக்கக் கேட்கும் உரிமை வேண்டும். பிழை நேர்ந்தால் அதை நிரூபிக்கும் பொறுப்பு மெஷினை வைத்தவர்மேல் இருக்க வேண்டும். இவற்றை ரேஷன் கடை வாசலிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்.

அன்று முக்கால் மணி நேரம் கழித்துக் கடைக்காரர் ஒரு பழைய நோட்டை எடுத்து நீட்டினார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில், அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில், நாற்பத்தைந்தை நெருங்கும் வயதில் எழுதப் பழகியவள் அப்பத்தா. இனி கைநாட்டு வைப்பதில்லை என்று அன்றைக்கு வைராக்கியம் எடுத்துக்கொண்டவள். பேனாவை வாங்கி, எழுத்தெழுத்தாக, கோணலாகத் தன் பெயரை எழுதினாள். அரிசி கிடைத்தது.

அந்த நோட்டு அடுத்த மாதமும் அங்கே இருக்கும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை.