சேரும் தேதியா, முடிக்கும் தேதியா?

மார்க்கையன்கோட்டைக்குப் பக்கத்து உத்தமபாளையத்துக்காரர் பி.டி.ராஜன். ஆக்ஸ்போர்டு ஜீசஸ் கல்லூரியில் படித்து, 1919-ல் பாரிஸ்டர் ஆனார். 1920 தேர்தலில் ஜெயித்து சட்டசபை, 1936-ல் சில மாதம் மாகாண முதல் மந்திரி. அங்கேயே வேலை பார்க்க நினைத்திருந்தாலும் யாரும் தடுத்திருக்க முடியாது. பிரிட்டிஷ் பிரஜைக்கு அப்போது அனுமதியே வேண்டாம். காமன்வெல்த்காரர்களிடம் வேலை வவுச்சர் கேட்க ஆரம்பித்தது 1962 சட்டம்தான்.

இப்போது நம்ம பக்கம் இருபோக வயலை ஈடு வச்சு லோன் வாங்கிப் போகிற பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. படிப்பு முடித்தபின் அங்கே தங்கி வேலை தேட விசா வேண்டும். 2008-லிருந்து அதற்கு இரண்டு வருடம் கொடுத்தார்கள். 2012 ஏப்ரல் 6-ல் அந்த வழியை மூடினார்கள். 2010-ல் இரண்டு வருடப் படிப்பில் சேர்ந்தவர் 2012 கோடையில் முடிக்கும்போது விசா இல்லை. 2021 ஜூலை 1-ல் மறுபடி திறந்தார்கள், அதே இரண்டு வருடம்.

சாஃப்ட்வேரில் பழைய வெர்ஷனுக்கும் கொஞ்ச நாள் சப்போர்ட் கொடுப்போம்ல, விசாவில் அதை நம்பி உட்காரக் கூடாது. கணக்கு, சேர்ந்த நாளை வைத்து அல்ல, விண்ணப்பிக்கும் நாளை வைத்து. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பித்தால் 18 மாதம்தான். பிஎச்டிக்கு மட்டும் பழையபடி 3 வருடம். 2026 செப்டம்பரில் ஒரு வருட எம்எஸ்சி சேர்கிறவருக்கு இந்த 18 மாதம்தான். அதற்குள் ஸ்பான்சர் செய்யும் கம்பெனி கிடைக்க வேண்டும், புதிதாக வேலைக்குச் சேர்பவருக்கும் சம்பளம் குறைந்தது 33,400 பவுண்டு. ஏஜென்ட் "ரெண்டு வருஷம் இருக்கலாம்" என்றால், எந்தத் தேதி விதிப்படி என்று கேளுங்கள்.