வேலைக்கு வந்தவர்களும் உயிருக்கு வந்தவர்களும்

போன மார்கழியில் ஒருநாள், மத்தியானச் சனம் கலைந்த நேரம், நான் வேலை செய்யும் லண்டன் சாப்பாட்டுக்கடையின் பின்கதவில் ஒரு பொடியன் வந்து நின்றான். வயது இருபத்திரண்டுக்கு மேலிராது.

"அண்ணை, கோப்பை கழுவுறதெண்டாலும் பரவாயில்லை. ஏதும் வேலை இருக்கோ?"

"விசா என்ன மாதிரி?"

"கேஸ் இன்னும் முடியேல்லை அண்ணை."

முதலாளியிடம் கேட்கத் தேவையிருக்கவில்லை. வேலை செய்யும் உரிமையில்லாத ஒருவரை வைத்திருந்து பிடிபட்டால், 2024 பெப்ரவரியிலிருந்து முதல் தடவைக்கே ஆளுக்கு 45,000 பவுண் வரை தண்டம். எங்கள் கடை தாங்காது. ஒரு கோப்பை சோறும் தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பினேன்.

2010இல் நான் இந்த நாட்டுக்கு வந்தபோது, விசாரணை அதிகாரி மேசைக்கு அந்தப்பக்கம் இருந்து கேட்ட கேள்வி அன்றிரவு முழுவதும் மனதில் ஓடியது. "நீர் உழைக்கத்தானே வந்தீர்?" இல்லை, உயிருக்குப் பயந்து வந்தேன் என்றேன். அது உண்மை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பாதியில் விட்ட படிப்பும் அதற்குச் சாட்சி. ஆனால் என்னை அனுப்புவதற்காக ஈடு வைத்த காணியை மீட்க, வந்த கிழமையே வேலை தேடினேன் என்பதும் உண்மை. இரண்டில் ஒன்றைத்தான் சொல்லலாம் என்று இந்நாட்டுச் சட்டம் எதிர்பார்க்கிறது. எமது சமூகத்தின் கடல்கடந்த வரலாறோ இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாத வரலாறு.

எங்கள் வீட்டு விறாந்தையில் என் பூட்டனாரின் படம் தொங்கியது. கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, முகத்தில் சிரிப்பில்லை. மலாயாவில் புகையிரதப் பகுதியில் இலிகிதராக இருந்து பென்சனோடு திரும்பியவர். இப்படியானவர்களை ஊரில் 'மலாயன் பென்சனியர்' என்பார்கள். குடாநாட்டில் பல கல்வீடுகள் அந்தக் காசில் எழுந்தவை.

மலாயாவின் முதற் புகையிரதப் பாதை 1885இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையில் திறக்கப்பட்டது. அதை அமைப்பதற்கே இலங்கையிலிருந்து பயனியர் படையினர் கொண்டுபோகப்பட்டனர். பின்னர் நிலைய அதிபர்களும், இலிகிதர்களும், நில அளவையாளர்களும், ஆஸ்பத்திரி உதவியாளர்களும் தேவைப்பட்டார்கள். ஆங்கிலம் தெரிந்த, குறைந்த சம்பளத்துக்கு வரக்கூடிய ஆட்கள் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். 1816இல் வந்த அமெரிக்க மிஷனும் மற்ற மிஷன்களும் கட்டிய பள்ளிக்கூடங்கள் சிறிய குடாநாட்டுக்குள் அடங்காத அளவுக்குப் படித்தவர்களை உருவாக்கியிருந்தன. காணியோ துண்டு துண்டாகப் பிரிந்துகொண்டிருந்தது. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்ற சமூகத்துக்கு, கடலுக்கு அப்பாலும் ஒரு கோறணமேந்து கிடைத்தது.

வேலை கிடைத்த விதத்தைக் கவனிக்கவேண்டும். முதலில் ஒருவர் போவார். அவர் மாமன் மகனுக்குக் கடிதம் போடுவார். மாமன் மகன் சான்றிதழோடு கப்பலேறி, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் புகையிரதக் குடியிருப்பொன்றில் வந்து இறங்குவார். வேலை கிடைக்கும்வரை சாப்பாடும் படுக்கையும் அங்கேயே. விசா என்ற கேள்வி இல்லை. ஒரே சாம்ராச்சியத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போனார்கள்.

இந்தப் பெருமையில் நாம் சொல்லாமல் விடும் பகுதியும் உண்டு. அதே மலாயாவுக்குத் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிமார் கூட்டிவந்த தமிழர்கள் இறப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டினார்கள். எம்மவர் அவர்களிடமிருந்து தள்ளியே இருந்தார்கள். 'நாங்கள் சிலோன்காரர்' என்பது பெரும்பாலும் 'நாங்கள் கூலிகள் அல்ல' என்பதன் இன்னொரு வடிவம். 1942இன் பின் யப்பானியர் சயாம்-பர்மா புகையிரதப் பாதைக்கு இழுத்துச் சென்றதில் பல்லாயிரக்கணக்கில் மாண்டவர்கள் இந்தத் தோட்டத் தமிழர்களே. இலங்கையில் 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கியபோதும், வடக்கில் பலர் அதை அயல்வீட்டுப் பிரச்சினையாகவே பார்த்தார்கள். தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்து 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கிய செல்வநாயகம் அப்படிப் பார்க்கவில்லை. அவர் 1898இல் ஈப்போவில் பிறந்தவர் என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை.

இனி லண்டனுக்கு வருவோம். 1948இன் பிரித்தானியக் குடியுரிமைச் சட்டத்தின்படி பொதுநலவாய நாட்டவர் இங்கே வந்து வேலை செய்யலாம். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1958இல் கலவரம். அந்தக் கலவரத்தின் பின் குடும்பத்தோடு கொழும்பை விட்டு வந்த ஏ. சிவானந்தன், இங்கே நொட்டிங்ஹில் இனக் கலவரத்துக்குள் வந்து இறங்கினார். அங்கே வங்கியில் உத்தியோகம் பார்த்தவர் இங்கே ஒரு நூலகத்தில் தேநீர் கொடுக்கும் வேலையும் செய்தார். பின்னாளில் இனஉறவுகள் நிறுவகத்தின் நூலகராகி, அதன் இயக்குநராகி, 2018இல் மறைந்தார். அவர் வேலைக்கு வந்தவரா, உயிருக்கு வந்தவரா? அன்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை, கதவு திறந்திருந்தது.

1962இல் அந்தக் கதவு பாதி சாத்தப்பட்டது. வேலைக்கான வவுச்சர் இருந்தால்தான் வரலாம் என்றார்கள். டாக்டர்களும் எஞ்சினியர்களும் கணக்காளர்களும் வந்தார்கள். 1971இலிருந்து இலங்கையில் தரப்படுத்தல் வந்தபின், பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைகள் மாணவர்களாக வந்தார்கள். அதுவும் படிப்புக்கான பயணம் மட்டுமா?

1983 யூலைக்குப் பின் வந்தவர்களிடம் வவுச்சரும் இல்லை, அனுமதிக் கடிதமும் இல்லை. 1985 மே மாதத்தில் பிரித்தானியா இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. பொதுநலவாய நாடொன்றின் மீது அது அப்படிச் செய்தது அதுவே முதற்தடவை. 1987 பெப்ரவரியில் ஹீத்ரோவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழரைத் திருப்பியனுப்ப முயன்றபோது, அவர்களிற் பலர் உடுப்பைக் களைந்து உள்ளாடையோடு நின்று விமானமேற மறுத்தார்கள். அதே ஆண்டில், உரிய பத்திரமில்லாத பயணியை ஏற்றிவந்தால் ஆளுக்கு 1,000 பவுண் தண்டம் என்று விமான, கப்பல் கொம்பனிகளுக்குச் சட்டம் வந்தது. ஹார்விச் துறைமுகத்தில் 'ஏர்ள் வில்லியம்' என்ற கப்பலை அகதிகளின் தடுப்புமுகாமாக்கினார்கள். உள்ளே இருந்தவர்களில் அநேகர் தமிழர். அந்த ஒக்ரோபர் பெரும்புயலில் கப்பல் கயிறறுந்து தரைதட்டியது.

இப்படி வந்தவர்கள்தான் பெற்றோல் ஸ்ரேசன்களின் இரவு வேலையையும், சமையலறைகளையும், மூலைக்கடைகளையும் நிரப்பினார்கள். அப்போது ஆறு மாதத்துக்குள் முடிவு வராவிட்டால் வேலை செய்ய அனுமதி கேட்கலாம். 1997 சனவரியிலிருந்து, உரிமையில்லாதவரை வேலைக்கு வைப்பது முதலாளியின் குற்றமாயிற்று. 2002 யூலையில் ஆறுமாதச் சலுகையையும் நீக்கினார்கள். மக்கள் வருவது நிற்கவில்லை. வேலை தேடும் இடம் மட்டும் முன்கதவிலிருந்து பின்கதவுக்கு மாறியது.

பின்கதவில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். என் கேஸ் முடியுமுன், தெரிந்த ஒருவர் மூலம் ஒரு கடையில் சேர்ந்தேன். ஆள் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்தான். நாளுக்குப் பதினொரு மணித்தியாலம். 1999 ஏப்ரலிலிருந்து இந்நாட்டில் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் இருக்கிறது. எனக்குக் கிடைத்தது அதில் பாதிகூட இல்லை. கேட்டபோது, "தம்பி, உம்மை வைச்சிருக்கிறதே பெரிய ரிஸ்க்" என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. அந்தத் தண்டத்தின் பயத்தைக் காசாக்கத் தெரிந்திருந்தார், அவ்வளவுதான். மலாயாவில் மாமன் மகனுக்குப் படுக்கை கொடுத்த அதே உறவுமுறை இங்கே ஒருவகைக் கங்காணித்தனமாகவும் மாறியிருந்தது. கூலிகள் அல்ல என்று தள்ளி நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள்.

ஆகவே சட்டத்தை மட்டும் குறைசொல்லி முடிக்க எனக்கு மனமில்லை. உயிருக்கு வந்தவனுக்கும் வயிறு உண்டு. அந்த வயிற்றைச் சட்டம் சந்தேகிக்கிறது, எம்மில் சிலர் அதில் இலாபம் பார்க்கிறார்கள். விசா உள்ளவர்களும் கடை உள்ளவர்களும், தங்கள் குடும்பத்தில் முதலில் கடல் கடந்தவருக்கு மறுகரையில் யார் இடம் கொடுத்தார்கள் என்று ஒருமுறை விசாரித்துப் பார்க்கட்டும்.

அந்தப் பொடியன் தை மாதத்தில் மறுபடி வந்தான். வேலை கேட்கவில்லை. இலவசமாகக் கேஸ் பார்க்கும் சொலிசிட்டர் ஒருவரின் விலாசம் தேடிவைத்திருந்தேன், கொடுத்தேன். சாப்பிட்டான். போகும்போது தன் கோப்பையைத் தானே கழுவி வைத்தான். நான் வேண்டாமென்று தடுத்தும் கேட்கவில்லை.