வாராக் கடனின் வரலாறு

ஒரு வங்கியின் செல்வம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், இரும்புப் பெட்டியில் இருக்கிறது என்றே பலரும் விடை கூறுவர். ஆனால் மக்கள் நம்பி ஒப்படைத்த பணத்தின் பெரும்பகுதி, கடன் பெற்றவர்களின் ஆலைகளிலும் கடைகளிலும் வயல்களிலும் பரவிக் கிடக்கிறது. அதற்கு ஈடாக வங்கியிடம் எஞ்சியிருப்பவை, திருப்பித் தருவதாக அவர்கள் எழுதிக் கொடுத்த வாக்குறுதிகளே. அவற்றுள் எது உயிருள்ளது, எது உயிரற்றது என்று அறிவிப்பவர் யார்? எப்பொழுது அறிவிப்பது? இவ்வினாவுக்கு நம் நாடு விடை தேடிய வரலாற்றையே இங்குக் கூற விரும்புகிறேன்.

சென்னையிலிருந்து தொடங்குகிறேன். 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள், அர்பத்நாட் கம்பெனி என்னும் புகழ்பெற்ற ஆங்கிலேய நிறுவனம் கொடுக்கல் வாங்கலை நிறுத்திக்கொண்டது. அதன் முதலீடுகள் பல முன்னரே வீணாகியிருந்தன. எனினும் மக்களிடம் வைப்புப் பணம் பெறுவதை அது கைவிடவில்லை. ஓய்வூதியக்காரர், கைம்பெண்டிர், சிறு வணிகர் எனப் பலரும் வாழ்நாள் சேமிப்பை இழந்தனர். நிறுவனத்தின் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் 18 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். இந்த வீழ்ச்சியின் விளைவாகவே, வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907-இல் இந்தியன் வங்கி தோன்றியது. நட்டம் நேர்ந்ததை நிறுவனமே ஒப்புக்கொண்டாலன்றி, வெளியார் அறிய வழியில்லாத காலம் அது.

1935-இல் ரிசர்வ் வங்கி தோன்றியது. 1949-ஆம் ஆண்டுச் சட்டம், வங்கிகளின் ஏடுகளைத் தணிக்கை செய்யும் அதிகாரத்தை அதற்கு விரிவாக வழங்கியது. ஆயினும் அதிகாரம் மட்டும் போதவில்லை. கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கியின் கடன்களில் கணிசமானவை திரும்பி வாரா என்பதை ரிசர்வ் வங்கியின் தணிக்கைகள் காட்டின. 1960 ஆகஸ்டில் அவ்வங்கியைக் கலைக்குமாறு ரிசர்வ் வங்கி உயர்நீதிமன்றத்தை நாடியபோதுதான் வைப்பாளர்கள் திடுக்கிட்டு விழித்தனர். தணிக்கையாளர் அறிந்த உண்மையை வைப்பாளர் அறிந்திருக்கவில்லை. இதன் பின்னர், 1962-இல் வைப்புக் காப்பீடு நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரையிலேயே காப்பு இருந்தது.

1985-இல் ரிசர்வ் வங்கி, கடன்களை அவற்றின் உடல்நலத்திற்கேற்ப எட்டு வகையாகப் பிரிக்கச் சொன்னது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் எந்தக் கடன் எவ்வகை என்பதைப் பெரும்பாலும் கடன் கொடுத்த வங்கியே முடிவு செய்தது. தன் பிள்ளைக்கு நோய் என்று எந்தத் தாய் எளிதில் ஒப்புவாள்? மேலும், கைக்கு வராத வட்டியையும் வந்ததாகவே எழுதி இலாபம் காட்டும் வழக்கமும் நீடித்தது.

1991-இல் எம். நரசிம்மம் தலைமையில் அமைந்த குழு இந்நிலையை மாற்றப் பரிந்துரைத்தது. 1992 முதல் ரிசர்வ் வங்கி புதிய விதிகளை வகுத்தது. வங்கியரின் எண்ணத்தை விலக்கி, நாட்காட்டியைத் தீர்ப்பு வழங்க வைத்ததே இவ்விதிகளின் சிறப்பு. முதலில் நான்கு காலாண்டுகள் நிலுவை நின்ற கடன், செயல்படாச் சொத்து எனப்பட்டது. அடுத்த ஆண்டு இது மூன்று காலாண்டுகளாகவும், பின்னர் இரண்டாகவும் குறைந்தது. 2004 மார்ச் முதல் 90 நாட்களாயிற்று. பயிர்க் கடனுக்கு மட்டும், அறுவடையைக் கருதி, பருவத்தை அளவாகக் கொண்டனர்.

அவ்வாறு பெயர் பெற்ற கடனுக்கு என்ன நேரும்? மாணவ நண்பர்களே, ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். தக்க ஈடு பெற்றுக் கொடுத்த 100 ரூபாய்க் கடன் ஒன்று 90 நாட்களைத் தாண்டிவிட்டது என்க. வராமலே வரவில் எழுதிய வட்டியை முதலில் நீக்க வேண்டும். பிறகு இலாபத்திலிருந்து 15 ரூபாயை ஒதுக்க வேண்டும். ஓராண்டு கழிந்தால் அது ஐயக்கடன். ஒதுக்கீடு 25 ரூபாயாகும். மேலும் ஓராண்டில் 40 ரூபாய். ஐயக்கடனாகி மூன்றாண்டு கடந்தால் முழுத் தொகையும் ஒதுக்கப்பட வேண்டும். இவ்விதி ஒரே நாளில் இடி விழச் செய்வதில்லை. நட்டத்தைப் படிப்படியாகச் சுமக்கச் செய்கிறது.

ஒரு வங்கி மொத்தம் 1,000 ரூபாய் கடன் கொடுத்து, அதில் 80 ரூபாய் செயலற்றுப் போயிருந்தால், மொத்த விகிதம் 8 சதவீதம். அதற்கென 50 ரூபாய் ஒதுக்கியிருந்தால், ஒதுக்கீடு போக எஞ்சும் கடன் 950 ரூபாய்; அதில் மூடப்படாத பள்ளம் 30 ரூபாய். ஆகவே நிகர விகிதம் ஏறத்தாழ 3.2 சதவீதம். மொத்த விகிதம் நோயின் அளவைக் காட்டும். நிகர விகிதம் இனித் தாங்க வேண்டிய வலியைக் காட்டும்.

நாட்காட்டியையும் ஏமாற்ற முயன்றவர்கள் உண்டு. புதுக்கடன் கொடுத்துப் பழங்கடனை அடைத்தால், ஏட்டில் நிலுவையே தோன்றாது. தவணையை மாற்றி எழுதினாலும் அவ்வாறே. 2015-இல் ரிசர்வ் வங்கி, வங்கிகளின் பெருங்கடன்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தது. அவ்வாண்டு மார்ச்சில் 4 சதவீதத்தைச் சற்றே தாண்டியிருந்த மொத்த விகிதம், 2018 மார்ச்சில் 11 சதவீதத்தைக் கடந்தது. அதற்குள் கடன்கள் அனைத்தும் திடீரெனக் கெட்டுவிடவில்லை. மறைந்திருந்தவற்றுள் பல வெளிச்சத்துக்கு வந்தன.

2024 மார்ச்சில் இவ்விகிதம் 2.8 சதவீதமாகக் குறைந்தது. இதைக் கண்டு மகிழலாம். ஆயினும் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். வசூலானாலும் விகிதம் குறையும்; முழுதும் ஒதுக்கிய கடனை ஏட்டிலிருந்து நீக்கினாலும் குறையும். ஏட்டிலிருந்து நீக்குவது கடன்காரரை விடுவிப்பதாகாது. அவரிடம் வசூலிக்கும் உரிமை வங்கிக்கு உண்டு. ஆனால் வசூலாகும் வரை, அந்த நட்டத்தை ஏற்றது வங்கியின் இலாபமும் முதலுமே.

ஆகவே விகிதம் குறைந்தது என்னும் செய்தியைப் படிக்கும்பொழுது, எவ்வாறு குறைந்தது என்றும் கேளுங்கள். கடன் கெடுவது வணிகத்தின் இயல்பு. மழை பொய்க்கும், சந்தை சரியும். கெட்டதை உரிய நாளில் கெட்டதென எழுதும் வங்கியில் நட்டம் சிறிதாக இருக்கும்பொழுதே வெளிப்படும். எழுதத் தயங்கிய ஏடுகளின் விலையைச் சென்னையிலும் பாலாயிலும் கொடுத்தவர்கள், அந்த ஏடுகளை ஒருநாளும் கண்ணால் கண்டிராத வைப்பாளர்களே.