தளைநாரும் கல்லுக்கயிறும்: மன்னார்க் கரையின் உழைப்பு வரலாறு பற்றி ஒரு குறிப்பு

மன்னாரின் வரலாற்றை எழுதியோர் மாதோட்டத் துறையையும் திருக்கேதீச்சரத்தையும் பற்றி விரிவாகக் கூறியுள்ளனர். 1560இல் போர்த்துக்கேயர் தீவைக் கைப்பற்றியமை, 1658இல் ஒல்லாந்தரும் 1795இல் ஆங்கிலேயரும் கோட்டையிற் புகுந்தமை என்பனவெல்லாம் ஆண்டு வரிசையிற் பதிவாகியுள்ளன. அவ்வரலாறுகளிற் பனை இடம்பெறாமலில்லை. ஆயின் அது கரையோரக் காட்சியாக, கப்பலிலிருந்து பார்ப்பவன் கண்ணுக்குத் தென்படும் பொருளாக மட்டுமே நிற்கின்றது. அம்மரத்தில் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கியவனின் காலில் இருந்த நார்வளையம் எந்த வரலாற்றாசிரியனின் கண்ணிலும் பட்டதாகத் தெரியவில்லை.

இக்குறிப்பு அவ்வளையத்தைப் பற்றியது. அதனைத் தனித்து நோக்காமல், அதே கரையில் முத்துக்குளிப்போன் காலிலிருந்த கயிற்றுடன் இணைத்து நோக்குவதே இங்கு எமது நோக்கம்.

தளைநார் எனப்படுவது பனைமட்டையின் அகணியிலிருந்து உரித்தெடுத்த நாரை முறுக்கியோ பின்னியோ வளையமாக்கிய கருவி. இரு பாதங்களையும் அதனுட் செலுத்தி, அடிகளுக்கிடையே மரத்தை இறுகப் பற்றி, கைகளால் மரத்தை அணைத்து உடலை மேலே இழுத்து, மீண்டும் பாதங்களை உயர்த்துவதே ஏறும் முறை. உடலின் பாரம் முழுவதும் ஒரு கணம் அவ்வளையத்தில் நிற்கும். பொதுவாகக் கயிற்றில் முடிச்சிட்டால் முடிச்சு விழுந்த இடத்தில் நார் கூர்மையாக வளைந்து, இழுவிசை அங்கே திரண்டு, கயிற்றின் வலுவில் ஏறத்தாழப் பாதியை இழக்க நேரும். நுனியின் புரிகளைப் பிரித்து மறுபுரிகளுக்கிடையே செருகிப் பின்னினால் அவ்விழப்பு மிகக் குறையும். கப்பற்றொழிலில் வல்லோர் அறிந்த இவ்வுண்மையை மரமேறுவோன் தன் காலால் அறிந்திருந்தான். வளையத்தில் எப்பொழுதும் ஐயுறவேண்டிய இடம் பொருத்துவாய்தான். நார் உலர்ந்து போனாலும் தேய்ந்து போனாலும் அதனைக் கண்டுபிடிக்க அவனது விரல்களையன்றி வேறு கருவி இல்லை. ஏனைய உடைமைகளும் சிலவே: நெஞ்சைக் காக்கும் தோற்பட்டை, பாளைக்கத்தி, அதனை இடும் இயனக்கூடு, முட்டி. இவற்றுள் தளைநார் அம்மரமே தந்தது. தன்னை ஏறுவதற்கான கயிற்றைத் தானே தரும் மரம் பனை.

(தளை என்னும் சொல் விலங்கையுங் குறிக்கும், யாப்பிலே சீர்களைப் பிணைக்கும் உறுப்பையுங் குறிக்கும். வெண்டளை, ஆசிரியத்தளை என மாணவருக்கு ஆண்டுதோறும் கற்பிக்கும் நாம், அச்சொல்லின் இந்த மூன்றாம் பொருளைக் கற்பிப்பதில்லை.)

இலக்கியச் சான்றும் இவ்விடத்து நோக்கத்தக்கது. மலைத்தேன் எடுப்போர் பயன்படுத்திய மால்பு என்னும் கண்ணேணியை மலைபடுகடாம் அறியும். நெய்தற் பாடல்களிற் பெண்ணை பலவிடத்தும் வருகின்றது. ஆயின் அங்கு அதன் உச்சியில் இருப்பது அன்றிற் பறவை. மடல் இருப்பது தலைவன் ஊர்வதற்கு. புலவன் பெரும்பாலும் பனையை நிலத்தில் நின்றே நோக்கினான் என்பது பொருந்தும். அந்நியராகிய எமர்சன் ரெனன்ற் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில், காட்டுக்கொடியாலான வளையத்தைக் காலில் மாட்டி ஏறும் முறையைக் குறித்துவைத்தார். அவர் வருவாய்க் கண்கொண்டு நாட்டை நோக்கிய ஆட்சியாளர் என்பதை மறந்துவிடலாகாது.

இனிக் கடலுக்கு வருவோம். மன்னார்க் குடாவின் முத்துச் சலாபம் பெரும்பாலும் மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில் கடல் அமைதியுறும்போது நடைபெற்றது. கள்ளிறக்கும் பருவமும் அக்காலத்தோடு ஒட்டியதே. சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிப் பகுதியில் மணல்மேல் தற்காலிக நகரம் எழும்பும். குளிப்பவன் கல்லொன்று கட்டிய கயிற்றின் கண்ணியிற் காலை வைத்து ஐந்து முதற் பத்துப் பாகம் ஆழம் இறங்குவான். பத்துப் பாகம் என்பது நன்கு வளர்ந்த பனையொன்றின் உயரம். அடியை அடைந்ததும் காலை எடுக்க, தோணியில் நிற்பவன் கல்லை மேலே இழுத்துக்கொள்வான். மூச்சு முடியும் தறுவாயில் குளிப்பவன் மற்றக் கயிற்றை அசைக்க, அவன் மேலே இழுக்கப்படுவான்.

1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசு பெற்ற வருவாய் ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா. சிப்பியில் மூன்றிலிரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கே குளிப்போருக்கு. மறு ஆண்டு சலாபம் இலண்டன் கம்பனியொன்றுக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. 1907இன் பின் சிப்பி இல்லை. 1912இல் கம்பனி கலைக்கப்பட்டது. 1903க்கும் 1906க்கும் இடையில் ஹேர்ட்மன் முத்துச்சிப்பி பற்றி ஐந்து பகுதிகள் கொண்ட அறிக்கையை எழுதினார். சுறாவின் வாயைக் கட்டும் கடற்கட்டிகளுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரச செலவிலேயே கூலி கொடுக்கப்பட்டது. மந்திரத்தை நம்பாத அரசு குளிப்பவனின் நம்பிக்கைக்குப் பணம் கொடுத்தது. அவன் இறங்காவிடின் வருவாய் இல்லை.

பனையேறுவோன் விழுந்தால் அரசுக்கு என்ன நட்டம்? 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிச் சட்டத்தின் பின்னர், அனுமதியின்றிக் கள்ளிறக்குதல் குற்றமாயிற்று; தவறணைக் குத்தகைப் பணம் முன்கூட்டியே வந்து சேர்ந்தது. மரம் காணியுடையவனுக்குரியது; இறக்கும் உரிமை அரசினது; கயிறும் கத்தியும் உடலும் மட்டுமே தொழிலாளனுடையவை. உற்பத்திச் சாதனங்கள் இவ்வாறு பிரிந்து கிடந்தமையே இக்கருவியின் வரலாற்றுக்குத் திறவுகோல். ஆபத்து முழுவதும் ஒருவன் தலையிலும், பயன் பிறர் கையிலும் இருந்தவிடத்து, கயிற்றைத் திருத்துவதற்குப் பணம் போடவேண்டிய தேவை எவருக்கும் எழவில்லை. 1934இல் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் வந்தபோதும் அது வேலைகொள்வோனையும் வேலையாளையும் மனங்கொண்டு எழுதப்பட்டது. மரத்தைப் பங்குக்கோ குத்தகைக்கோ ஏற்றவனுக்கு வேலைகொள்வோன் யார்?

சாதி இந்த ஏற்பாட்டுக்கு வெளியிலிருந்து வந்ததன்று. அதனைத் தாங்கிநின்ற தூண் அதுவே. 1707இல் தொகுக்கப்பட்ட யாழ்ப்பாணத் தேசவழமை பள்ளரையும் நளவரையும் அடிமைகளுள் எண்ணியது. 1844இல் அடிமைமுறை சட்டத்தில் ஒழிந்தது; வடபுலத்தில் மரமேறுதல் அதே குடிகளிடமே நின்றது. பிறர் ஏறினாற் குலத்துக்கு இழுக்கு. இவர்கள் ஏறாவிடின் பசி. மதுவிலக்கு இயக்கமும் இவ்வுண்மையை நேர்நின்று நோக்கவில்லை. என். கே. ரகுநாதனின் ‘நிலவிலே பேசுவோம்’ என்னும் சிறுகதையில், மதுவிலக்கு மேடையிற் பேசித் திரும்பிய பெரியவர், தம்மைக் காண வந்த தாழ்த்தப்பட்ட மக்களை வீட்டினுள் அழையாது நிலவொளிக்கு அழைத்துச் செல்கிறார். மேடையில் அவர் கள்ளைக் கண்டித்தார். வாசலில் தம் சாதியைக் காத்துக்கொண்டார்.

ஒரே தீவில் நிகழ்ந்த ஒப்பீடு ஒன்றுண்டு. 1958 முதல் அரசு மானியத்துடன் மீன்பிடிப் படகுகளுக்கு இயந்திரம் பூட்டப்பட்டது. பேசாலை, தாழ்வுபாடு போன்ற கரைகளில் நைலோன் வலையும் கயிறும் பருத்தியையும் சணலையும் அகற்றின. மீன் சந்தைக்குச் சென்றது. முதலீடு கயிற்றுக்கு வந்தது. சில கல் தொலைவில் நின்ற பனையில் தளைநார் அவ்வாறே இருந்தது. ஐரோப்பாவில் 1931இல் ஒஸ்திரியரான கார்ல் புரூசிக் மலையேறுவோருக்கென ஒரு முடிச்சை அறிமுகஞ் செய்தார். பாரம் ஏறினால் கயிற்றை இறுகப் பற்றவும், பாரம் நீங்கினால் நகரவும் வல்ல அம்முடிச்சைப் பின்னர் மரவேலை செய்வோரும் இடைப்பட்டையோடு இணைத்துக் கையாண்டனர். நூலிற் கூறுவதற்கு எளிதான அம்முறை எமது பனைக்கு அப்படியே ஒத்துவருமென நான் கருதவில்லை: கிளையற்ற மரத்தில் மேற்கயிறு போட இடமேது? நாளுக்குப் பல மரங்கள் ஏறுபவனுக்கு ஒவ்வொரு மரத்திலும் பட்டை பூட்டி அவிழ்க்க நேரமேது? ஏறும் தொகைக்கேற்பவே வருவாய் என்னும்வரை, பாதுகாப்பு என்பது கூலியிலிருந்து கழிக்கப்படும் நேரமாகவே இருக்கும்.

1972இல் வடக்கில் பனை, தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றி, தவறணைக் குத்தகைக்காரனின் இடத்தைப் பெரிதும் தொழிலாளர் சங்கம் எடுத்துக்கொண்டது. 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது. இவை சிறிய மாற்றங்களல்ல. விற்பனையும் விலையும் தொழிலாளன் கைக்கு ஓரளவு வந்தன. சங்கத்திலே பேசும் உரிமை, மேற்சாதிக்காரனின் முற்றத்திலே நின்ற தலைமுறைக்குப் புதிது. ஆயினும் போர்க்காலத்தில் பனைகள் பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் வெட்டப்பட்டன. 1990இன் இடப்பெயர்வுகளில் தீவின் பல குடிகள் சிதறின. பிள்ளைகள் மரத்தை விட்டு வேறு தொழிலுக்குச் சென்றனர். அதனைத் தொழிலின் வீழ்ச்சியென வருந்துவோர், அத்தந்தையருட் பலர் அதனையே விரும்பினர் என்பதையும் எழுதுதல் வேண்டும்.

சலாபத்தின் கணக்கேடுகள் ஆவணக்காப்பகத்தில் உள்ளன. அரிப்பில் ஆளுநர் நோர்த் கட்டிய மாளிகையின் இடிபாடு கடலரிப்புக்குத் தப்பி மீந்துநிற்கின்றது. தளைநார் தேய்ந்ததும் அடுப்புக்குப் போயிற்று.