சிறைக் கதவுக்கு உள்ளும் வெளியும்

இறுதித் தீர்ப்பு நாளில் நம்மிடம் கேட்கப்போவதாக மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரம் சொல்லும் கணக்கில், சிறையில் இருந்தோரைப் போய்ப் பார்த்தோமா என்பதும் உண்டு. பசித்தோருக்குச் சோறும் நோயாளிகளுக்கு மருத்துவமனையும் தந்த இந்தியத் திருச்சபை, இந்த ஒன்றை மட்டும் நெடுங்காலம் கிறிஸ்துமஸ் கேக்கோடு நிறுத்திக்கொண்டது. 1981இல் அந்தக் குறையைத் தீர்க்கப் புறப்பட்டவர்கள் ஆயர்கள் அல்லர். கேரளத்துக் குருமட மாணவர்களான வர்கீஸ் கரிப்பேரியும் பிரான்சிஸ் கொடியனும். 'ஜீசஸ் ஃபிரட்டர்னிட்டி' என்ற பெயரில் அவர்கள் தொடங்கிய செபக்குழுதான் இன்று ஆயர் பேரவையின் அரவணைப்பில் நாடெங்கும் இயங்கும் 'பிரிசன் மினிஸ்ட்ரி இந்தியா'.

ஆஷ்விட்ஸ் வதைமுகாமில், மனைவி மக்கள் உள்ள ஒரு கைதிக்குப் பதிலாகத் தாமே முன்வந்து 1941 ஆகஸ்ட் 14இல் உயிர்விட்ட புனித மாக்சிமிலியன் கோல்பே இவர்களின் பாதுகாவலர். ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறைச் சிறைப்பணி ஞாயிறாகக் கொண்டாடுவதும் அவர் திருநாளை ஒட்டியே.

முதலில் செபமும் சந்திப்பும்தான். உள்ளே போகப் போக வேறு தேவைகள் தெரிந்தன. ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் கிடப்பவர்கள், தண்டனை முடிந்தும் ஊர் சேர்க்காதவர்கள், பெற்றோர் சிறைப்பட்டதால் தெருவுக்கு வந்த பிள்ளைகள். விடுதலையானோருக்காக 1991இல் திருச்சூர் அருகே வெட்டுக்காட்டில் ஓர் இல்லம் எழுந்தது. கைதிகளின் குழந்தைகளுக்கும் இல்லங்கள் வந்தன. 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் நிரூபிக்கப்படாதவர்களே நான்கில் மூன்று பங்கு என்றால், இந்தப் பணியைக் குற்றவாளிகளுக்கு வக்காலத்து என்று ஏசுவோர் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஆனால் அந்த ஏச்சை முழுதாகத் தள்ளிவிடவும் முடியாது. மகனைக் கொலைக்குப் பறிகொடுத்த தாய், கொன்றவனுக்குப் பைபிளும் போர்வையும் கொண்டுபோகும் சகோதரி தன் வீட்டுப் படி ஏறவில்லையே என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

பறிகொடுத்தவர் பக்கத்திலிருந்தே சிறைப் படியேறிக் காட்டியவரும் உண்டு. கேரளத்தின் புல்லுவழியில் பிறந்து, பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபையில் சேர்ந்த சகோதரி ராணி மரியா, மத்தியப் பிரதேசத்தின் உதய்நகர்ப் பகுதியில் வட்டிக்காரர்களின் பிடியிலிருந்த ஏழை விவசாயிகளைத் திரட்டினார். 1995 பிப்ரவரி 25 அன்று பேருந்துப் பயணத்தில் சமந்தர் சிங் என்பவர் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார். கூலிக்குச் செய்த கொலை. ஆயுள் தண்டனை பெற்ற அவரைச் சிறையில் விடாமல் சந்தித்தவர் சுவாமி சதானந்த் என்ற குரு. 2002 ஆகஸ்டில், ராணி மரியாவின் தங்கையும் துறவியுமான செல்மி பால் சிறைக்கே வந்து கொலையாளியைச் சகோதரனாக ஏற்றுக் கையில் ராக்கி கட்டினார். சமந்தர் சிங்கின் விடுதலைக்கு ராணி மரியாவின் குடும்பமும் துணை நின்றது. 2006இல் வெளியே வந்தார். பிறகு புல்லுவழி வீட்டுக்கு வந்தவரைப் பெற்றோர் தள்ளிவிடவில்லை. 2017 நவம்பர் 4இல் இந்தூரில் ராணி மரியா அருளாளராக உயர்த்தப்பட்டார்.

மறையுரைகளில் இந்தக் கதை ராக்கியில் தொடங்கி ராக்கியில் முடிகிறது. கொலைக்கும் ராக்கிக்கும் இடையே ஏழு ஆண்டுகள் ஓடியிருக்கின்றன என்பதை யாரும் சொல்வதில்லை. அந்த ஏழாண்டில் அந்த வீடு எப்படி உறங்கியது? மன்னிப்பு அவர்களாகத் தந்தது. அதை எடுத்துக்காட்டி, நேற்று மகளைப் புதைத்தவரிடம் நீங்களும் மன்னியுங்கள் என்று சொல்வது இரக்கம் ஆகாது. அது இன்னொரு கொடுமை.

அரசும் இப்படிப் பறிகொடுத்த குடும்பங்களைக் கண்டுகொள்ள நாளாயிற்று. பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீட்டுத் திட்டம் வகுக்க மாநிலங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டத்திருத்தம் 2009இல்தான் நடைமுறைக்கு வந்தது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம் என்பது பல குடும்பங்களுக்கு இன்றும் தெரியாது.

எனவே பங்குகளுக்கு ஒரு வேண்டுகோள். வரும் சிறைப்பணி ஞாயிறன்று எடுக்கும் காணிக்கையில் ஒரு பகுதியை இக்குடும்பங்களுக்கும் ஒதுக்குங்கள். உங்கள் பங்கில் அப்படி ஒரு வீடு இருந்தால் அந்த மனுவை எழுதித் தர ஆள் அனுப்புங்கள். போகிறவர் மன்னிப்பைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம்.