நடுகல் யாருக்கு? வாச்சாத்தி பற்றிச் சில குறிப்புகள்

கொங்கு நாட்டில் பிறந்தவர்கள் புலிகுத்திக்கல்லைப் பார்க்காமல் வளர்ந்திருக்க முடியாது. தோட்டத்து ஓரத்திலோ, கோயில் திட்டிலோ, ஒரு ஆள் ஈட்டியைப் புலியின் மேல் பாய்ச்சுகிற மாதிரி ஒரு கல் நிற்கும். பட்டியில் அடைத்த மாட்டைக் காப்பாற்றப் போய்ச் செத்தவன் கல் அது. எங்க அம்மிச்சி அந்தக் கல்லைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். பேர் தெரியாது, ஆனால் மரியாதை தெரியும்.

ஆறு மாதம் முன்னால் இந்தக் கல்லைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. அதில் இருந்துதான் இந்தக் குறிப்பு. வெள்ளகோவிலில் எங்கள் வீதிக்கு அடுத்த வீதியில் தறிக்குடோனில் வேலை செய்கிற ஒரு அம்மா, அரூர்ப் பக்கத்துக்காரர். திருப்பூர், பல்லடம், வெள்ளகோவில் என்று பனியனுக்கும் தறிக்கும் மில்லுக்கும் தருமபுரி மாவட்டத்தில் இருந்து பிழைக்க வந்தவர்களுக்குக் கணக்கே இல்லை. அந்த அம்மாவிடம் நடுகல் போட்டோக்களைக் காட்டிக்கொண்டு இருந்தேன். "எங்கூர்ல இதை வேடியப்பன்னு கும்பிடுவோம்ணா" என்றவர், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மாட்டைக் காப்பாத்துனவனுக்குக் கல்லு வெச்சாங்க. வாச்சாத்திக்கு வந்து நின்னாங்களே, அவங்களுக்கு என்ன வெச்சாங்க?"

பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தேன்.

முதலில் பழைய கதை. நடுகல் என்றால் கல் மட்டும்தான் என்று நாம் நினைக்கிறோம். தொல்காப்பியம் கல்லைத் தேர்ந்தெடுப்பதில் இருந்து நட்டு வாழ்த்துவது வரை படிப்படியாகச் சொல்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழி எழுத்து நடுகல்லும் ஆநிரைச் சண்டையில் இறந்தவன் பேரில் நட்டதுதான். ஆனால் பிற்காலக் கல்வெட்டுகளைப் படித்தால் இன்னொரு சங்கதி வருகிறது. நெய்த்தோர்பட்டி, உதிரப்பட்டி என்று இரண்டு சொற்கள். நெய்த்தோர் என்றால் இரத்தம். ஊருக்காக இரத்தம் சிந்திச் செத்தவனுடைய குடும்பத்துக்கு விட்ட நிலம். (நம்ம ஊரில் பட்டி என்றால் ஆடு மாடு அடைக்கிற இடம். இங்கே அது நிலக்கொடை. முதல் தடவை படித்தபோது நானும் ஆட்டுப்பட்டி என்றுதான் புரிந்துகொண்டேன்.)

அதாவது, கல் செத்தவனுக்கு, சோறு இருப்பவர்களுக்கு. இரண்டையும் சேர்த்துச் செய்தால்தான் ஊர் தன் கடனைத் தீர்த்ததாக அர்த்தம். சோழர் காலத்தில் வேறு ஒரு வழக்கமும் உண்டு. வேட்டைக்குப் போன இடத்தில் கைதவறி அம்பு பட்டு ஒருவர் செத்துப்போனால், சபை கூடிப் பேசி, கொன்றவன் கோயிலில் நந்தா விளக்கு ஒன்று எரிக்கட்டும் என்று தீர்ப்புச் சொல்லும். பெரும்பாலும் 96 ஆடு கோயிலுக்கு விடவேண்டும். சாவா மூவாப் பேராடு என்று அதற்குப் பேர். அதில் வருகிற நெய்யில் விளக்கு எரியும். குற்றவாளி கையில் இருந்து செலவு வாங்கியது சரிதான். ஆனால் அது சாமிக்குப் போகிறது, செத்தவனின் பெண்டாட்டி பிள்ளைக்குப் போகவில்லை. அந்த விளக்கை விட நெய்த்தோர்பட்டி எனக்குப் பெரியதாகத் தெரிகிறது.

இப்போது வாச்சாத்தி. இது தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில், சித்தேரி மலை அடிவாரத்தில் இருக்கிற ஊர். மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்களின் ஊர். (கேரளக்காரர்கள் என்று எண்ணிவிடாதீர்கள், மலையை ஆள்கிறவர்கள் என்று பொருள் சொல்வார்கள்.) அந்த வட்டாரமே நடுகல் பூமி. 1970களில் தொல்லியல் துறை செங்கம், தருமபுரிப் பக்கம் ஊர் ஊராகப் போய் நடுகற்களைப் படியெடுத்தது. தருமபுரி அருங்காட்சியகத்தில் இன்றும் வரிசையாக நிற்கின்றன.

1992 ஜூன் 20. சந்தனக்கட்டை கடத்தல் என்று சொல்லிக்கொண்டு வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் வந்தார்கள். கடைசியில் வழக்கில் சேர்க்கப்பட்ட கணக்கு 269 பேர். வனத்துறை 155, போலீஸ் 108, வருவாய்த்துறை 6. ஆண்கள் பலர் மலைக்கு ஓடிவிட்டார்கள். இருந்தவர்களை ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். அங்கிருந்து 18 பெண்களை ஏரிப்பக்கம் கொண்டுபோய்ப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அதில் பள்ளிக்கூடத்துப் பெண்ணும் உண்டு. வீடுகளை உடைத்தார்கள், தானியத்தைக் கொட்டினார்கள், ஆடு கோழியைத் தின்றார்கள், கிணறுகளைக் குடிக்க முடியாதபடி நாசம் பண்ணினார்கள். 133 பேரைச் சேலம் சிறைக்குக் கொண்டுபோனார்கள். 90 பெண்கள், 15 ஆண்கள், 28 குழந்தைகள். இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கடத்தல் கும்பலைப் பிடித்ததாகச் சொன்ன இடத்தில் ஆண்களைப் போல இரண்டு பங்கு குழந்தைகள்.

இங்கே குற்றம் செய்தவர்கள் யார் என்பதுதான் வழக்கையே கஷ்டமாக்கியது. திருடன் வந்தால் போலீசிடம் போகலாம். போலீசே வந்தால்? புகாரை யார் எழுதுவது, யார் விசாரிப்பது? கூட நிற்க ஒரு வெளியாள் வேண்டும் என்கிற நிலைமை அது. கூட நிற்பது என்றால் பேருக்கு ஒருநாள் வந்து பேசிவிட்டுப் போவது இல்லை.

அடுத்த மாதம், ஜூலையில், தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தின் பெ. சண்முகம் சித்தேரிப் பக்கம் வந்தபோது சேதி காதுக்கு எட்டியது. ஊருக்குப் போனால் ஆள் இல்லை. பாதிப்பேர் சிறையில், மீதிப்பேர் காட்டில். அவரும் தோழர்களும் சொன்னதைக் கேட்டு, மார்க்சிஸ்ட் கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் அ. நல்லசிவன் அரசுக்கு எழுதினார், உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அங்கிருந்து வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. அரசுத் தரப்பு அப்படி ஒன்றுமே நடக்கவில்லை என்றது. அந்தச் சமயத்தில் உண்மையைக் கோர்ட்டு ஏற்கிற காகிதத்தில் கொண்டுவந்தவர் பாமதி என்கிற ஐ.ஏ.எஸ். அதிகாரி. தேசிய எஸ்.சி., எஸ்.டி. ஆணையத்தின் தென்மண்டல இயக்குநராக இருந்தவர். நேரில் வந்து, பெண்களிடம் பேசி, இடிந்த வீடுகளைப் பார்த்து, ஊரார் சொல்வது உண்மை என்று அறிக்கை கொடுத்தார். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர் அரசாங்கத்துக்கு எதிராக எழுதினார். 1992இல் ஒரு பெண் அதிகாரி அப்படிச் செய்தது சின்ன விஷயம் இல்லை. இந்த வழக்கைப் பேசும்போது அவர் பேரை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். அதனால் இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

1995 பிப்ரவரியில் சி.பி.ஐ. விசாரணைக்கு உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. அடையாள அணிவகுப்பு நடந்தது. தங்களை நாசம் பண்ணின சீருடைக்காரர்கள் வரிசையாக நிற்க, அந்தப் பெண்கள் நடந்துபோய் இவன், இவன் என்று கைகாட்டினார்கள். படித்த பெண்களுக்கே கால் நடுங்கும் இடம் அது.

அதற்கப்புறம் வாய்தா, வாய்தா, வாய்தா. வழக்கை நடத்தியவர்களில் மூத்த வழக்கறிஞர் வைகை முக்கியமானவர். சட்டத்தில் அவர்கள் செய்ததைத் தனியாக எழுதவேண்டும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஒரு வாய்தாவுக்கு வாச்சாத்தியில் இருந்து ஒரு பெண் வரவேண்டும் என்றால் ஒருநாள் கூலி போகும். பஸ் செலவு. பிள்ளையை யாரிடமாவது விட்டுவரவேண்டும். கோர்ட்டு வாசலில் எதிர்த்தரப்பு ஆட்கள் நிற்பார்கள். உள்ளே கூண்டில் ஏறினால் நடந்ததை முதலில் இருந்து சொல்லச் சொல்லுவார்கள். இப்படிப்பட்ட வழக்குகளில் சாட்சி பிறழ்வது எவ்வளவு சகஜம் என்று கோர்ட்டுப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். வாச்சாத்திப் பெண்கள் பிறழவில்லை. அவர்களைக் கூட்டிப்போய்க் கூட்டிவந்த சங்கத்து ஆட்களும் ஓயவில்லை.

2011 செப்டம்பர் 29. தருமபுரி அமர்வு நீதிமன்றம், நீதிபதி குமரகுரு. 269 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. அதற்குள் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். மீதி 215 பேருக்குத் தண்டனை. பாலியல் வன்கொடுமைக் குற்றத்துக்காக 17 பேருக்குச் சிறை, 12 பேருக்குப் பத்து ஆண்டு, 5 பேருக்கு ஏழு ஆண்டு. இத்தனை அரசு ஊழியர்கள் ஒரே வழக்கில் மொத்தமாகத் தண்டிக்கப்பட்டது இந்த நாட்டில் அபூர்வம்.

அவர்கள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். இன்னும் 12 வருஷம். 2023 மார்ச்சில் உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் தானே வாச்சாத்திக்குப் போய் இடத்தைப் பார்த்தார். அதே வருஷம், அதே செப்டம்பர் 29இல், எல்லா மேல்முறையீட்டையும் தள்ளுபடி செய்தார். அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அதிகாரி மேலும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார். 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய், இறந்துபோன மூவருக்கு அவர்கள் குடும்பத்திடம். அதில் பாதியைக் குற்றவாளிகளிடம் வசூலிக்க வேண்டும். அவர்களுக்கோ குடும்பத்துக்கோ வேலை அல்லது நிலையான சுயதொழில் ஏற்பாடு செய்யவேண்டும்.

இதைப் படித்தபோதுதான் எனக்கு நெய்த்தோர்பட்டி ஞாபகம் வந்தது. விளக்குக்கு ஆடு வாங்கினதைப் போலக் குற்றவாளி கையில் இருந்து வாங்குவது, ஆனால் சாமிக்கு இல்லாமல் பாதிக்கப்பட்டவர் கையில் கொடுப்பது. குற்றத்தில் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீட்டுத் திட்டம் வேண்டும் என்று நம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357ஏ பிரிவு 2009இல்தான் அமலுக்கு வந்தது. கல்வெட்டுக்காரன் பல நூறு வருஷம் முந்திவிட்டான். கல்வெட்டுக்காரன் முப்பத்தொரு வருஷம் காக்கவைத்தானா என்பது வேறு கேள்வி.

நிலம் என்றதும் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனைச் சொல்லாமல் போகமுடியாது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்ட பிறகு, அவரும் கணவர் ஜெகந்நாதனும் அந்தக் கீழத்தஞ்சைக்கே போய்விட்டார்கள். அந்த வழக்கில் உயர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்களை விடுவித்தது. நீதி கிடைக்காத இடத்தில் இந்த அம்மா நிலம் கேட்டார். 1981இல் தொடங்கிய லாப்டி அமைப்பு மூலம் நிலமில்லாத தலித் குடும்பங்களுக்கு, அதுவும் பெண்கள் பேரில், நிலம் வாங்கிக் கொடுத்தார். விற்கிறவரிடமும் பேசினார், வாங்குகிறவருக்காகவும் பேசினார். பிணக்குப் பிடித்த இரண்டு பக்கத்தையும் ஒரே பத்திரத்தில் கையெழுத்துப் போட வைத்தது சமாதானம் இல்லாமல் வேறென்ன? 2008இல் கணவர் மனைவி இருவருக்கும் சுவீடனில் ரைட் லைவ்லிஹுட் விருது, 2020இல் அந்த அம்மாவுக்குப் பத்மபூஷண். கீழ்வெண்மணியில் 44 பேருக்கும் நினைவிடம் நிற்கிறது.

சரி, அந்த அம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன். "அவங்களுக்கு என்ன வெச்சாங்க?" 2024 ஜனவரியில் பெ. சண்முகத்துக்கு 2023ஆம் ஆண்டுக்கான அம்பேத்கர் விருதைத் தமிழ்நாடு அரசு கொடுத்தது. அவர் ஒரு கட்சிக்காரர், அப்புறம் அந்தக் கட்சியின் மாநிலச் செயலாளரும் ஆனார். கட்சிக்காரருக்கு விருதா என்று கேட்கிறவர்கள் இருப்பார்கள். எனக்கு அந்தக் கட்சியோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் 1992இல் ஆளில்லாத ஊருக்குள் முதலில் நடந்துபோனவர்களோடு ஒருவராகப் போய், 2023 வரைக்கும் போய்க்கொண்டே இருந்தவருக்கு அந்த விருது கொடுத்தது சரி என்றுதான் சொல்வேன்.

இதைப் போய்ச் சொன்னேன். தறிச் சத்தத்தில் காதுக்குப் பக்கத்தில் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. அந்த அம்மா தலையாட்டினார். "நல்லதுண்ணா. ஆனா கோர்ட்டுக்குப் போறப்ப அந்தப் புள்ளைங்களோட புள்ளைங்களை வெச்சுப் பாத்துக்கிட்ட கிழவிங்க இருந்தாங்க. சாப்பாடு போட்டவங்க இருந்தாங்க. அவங்க பேரு எந்தப் பேப்பர்ல இருக்கு?"

எந்தப் பேப்பரிலும் இல்லை. நான் பார்த்த வரைக்கும் தீர்ப்பிலும் இல்லை, கட்டுரைகளிலும் இல்லை. சேலம் சிறையில் இருந்து ஜாமீனில் வந்தவர்களைக் கூரை இல்லாத ஊரில் முதல்நாள் ராத்திரி யார் வீட்டில் படுக்கவைத்தார்கள், நாசமான கிணற்றை யார் இறைத்தார்கள், அடையாள அணிவகுப்புக்கு முதல்நாள் யார் தைரியம் சொன்னார்கள். 1992இல் அறுபது வயது ஆனவர்களுக்கு இப்போது தொண்ணூறு தாண்டியிருக்கும்.

இதைப் படிக்கிறவர்களில் அரூர், சித்தேரி, பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்துக்காரர்கள் யாராவது இருந்தால், ஊரில் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பாதிக்கப்பட்ட பெண்களின் பேர் வேண்டாம், அது அவர்கள் சொத்து. கூட நின்றவர்களின் பேர் மட்டும், அவர்கள் சம்மதித்தால். வருகிற சிவராத்திரிக்கு வீரக்குமாரசாமி தேர் முடிந்ததும் நானும் ஒரு தடவை அரூர் போவதாக இருக்கிறேன். தறிக்கார அம்மாவும் ஊருக்கு லீவு கேட்டிருக்கிறார், கிடைத்தால் ஒரே பஸ்ஸில் போகலாம் என்று சொல்லியிருக்கிறார்.