கடல்தாயின் வாசலில் ஓர் அரசாங்கம்

1854 மே மாதம் சிங்கப்பூரைப் பத்து நாள் உலுக்கிய கலவரத்தை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். தெலோக் ஆயர் தெருவிலுள்ள தியான் ஹோக் கெங் கோவிலுக்குள் நுழையாமல் அந்தக் கலவரத்துக்குப் போக வழியில்லை. 1839-இல் தொடங்கி 1842-இல் கட்டி முடித்த கோவில் இது. இன்று சுற்றிலும் அடுக்குமாடிகள். அன்று வாசலுக்கு எதிரே கடல். ஃபுஜியானிலிருந்து பாய்மரக் கப்பலில் உயிரோடு கரை சேர்ந்தவன் கும்பிட ஓடியது இங்கிருந்த மாட்சுவிடம்தான். கடலோடிகளைக் காக்கும் தாய் அவள். அதே தெருவில், 1828-க்கும் 1830-க்கும் இடையே தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய நாகூர் தர்காவும் நிற்கிறது. இரண்டுமே கடல் தாண்டியவர்கள் செலுத்திய நேர்த்திக்கடன்.

ஆனால் தியான் ஹோக் கெங்கை வெறும் வழிபாட்டுத் தலம் என்று எழுதிக் கடந்துவிடுவதை நான் ஏற்கவில்லை. ஃபுஜியானிலிருந்து வந்த ஹொக்கியன் மக்களுக்கு இதுவே அரசாங்கம். அவர்களது சங்கம் இயங்கியது இந்த வளாகத்தில்தான். கோவிலின் தலைவரே சமூகத்தின் தலைவர். அப்படி முதலில் தலைமையேற்ற டான் டோக் செங்கைப் பாருங்கள். 1798-இல் மலாக்காவில் பிறந்தவர். 1819-இல் சிங்கப்பூருக்கு வந்து காய்கறியும் கோழியும் விற்றவர். பிறகு பெரும் வணிகராகி, ஆசியர்களில் முதல் சமாதான நீதிபதியாகவும் ஆனார். நாதியற்று இறந்த சீனர்களைத் தம் செலவில் அடக்கம் செய்தார். ஏழை நோயாளிகளுக்கு அவர் கொடுத்த பணத்தில் 1844-இல் மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இன்றும் அது அவர் பெயரில் நடக்கிறது. பணக்காரர்கள் காணிக்கையால் செல்வாக்கை வாங்கினார்கள் என்பார்கள். வாங்கியிருக்கலாம். ஆனால் துறைமுகத்தின் லாபத்தை எண்ணிக்கொண்டிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி அரசு செய்யத் தவறியதை அந்தச் செல்வாக்குதான் செய்தது. என் கணக்கில் இந்தக் கதையின் நாயகர் ஆளுநர் அல்ல, இந்தக் காய்கறி வியாபாரிதான்.

இன்னொரு கேள்வி இதைவிடக் கனமானது: கோவில் அரசாங்கமாக இருந்ததென்றால், 1854-இல் ஹொக்கியன் மக்களும் வேறொரு சீனப் பேச்சுமொழிக்காரர்களான தியோச்சூ மக்களும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டது எப்படி? விடை பக்கத்திலேயே இருக்கிறது. தியோச்சூ மக்களுக்கு ஃபிலிப் தெருவில் தனிக் கோவில். அதைப் பராமரிக்க சியா யூ சின் 1845-இல் நிறுவிய அமைப்பு நீ ஆன் கொங்சி. அந்தக் கோவிலிலும் மாட்சுதான் வீற்றிருக்கிறாள். தாய் ஒருத்தி, வாசல் இரண்டு. பேச்சுமொழி ஒன்றாக இருந்தால் வேலை, கடன், சவப்பெட்டி எல்லாம் கிடைக்கும். மொழி மாறினால் அவன் அந்நியன். இந்த அரசாங்கத்தின் எல்லை அதன் கூரையோடு முடிந்தது. கலவரம் அந்த அதிகாரத்தைப் பொய்யாக்கவில்லை. அது எதுவரை செல்லும் என்பதைத்தான் காட்டியது.

டான் டோக் செங் 1850-இல் காலமானார். நான்கே ஆண்டுகளில் அரிசி வாங்கும் இடத்தில் ஒரு சச்சரவு மூண்டது. அதை அடுத்த வாரம் சொல்கிறேன்.